அப்பாவின் பிரஷரும் அணையாத டிவியும்

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. கோவையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். கூட்டாளி அவருடைய நண்பர், முஸ்லிம். எனக்கு அவர் மாமா. 1998 பிப்ரவரி 14 அன்று அப்பா ஒரு வேலையாக ஆர்.எஸ்.புரம் போயிருந்தார். குண்டு வெடித்த இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் இருந்திருக்கிறார். என்ன பார்த்தார் என்று இதுவரை எங்களிடம் சொன்னதில்லை. அதற்கப்புறம் இரண்டு மாதம் மாமா பயந்துபோய்ப் பட்டறைக்கு வரவில்லை. அப்பா தனியாகவே ஓட்டி, வாரா வாரம் மாமாவின் பங்கை, முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேட்டில் அவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். 2021-இல் பட்டறையை மூடிவிட்டோம். 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்ததிலிருந்து அப்பா ஆளே மாறிவிட்டார். காலையில் போட்ட டிவி ராத்திரிவரை ஓடுகிறது. நடுவில் போனில் வீடியோ. இரவு 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பிரஷர் 160/100. மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுகிறார். மாமா போன் செய்தால் எடுப்பதில்லை. கேட்டால், “இத்தன வருசம் ஏமாந்தது போதுஞ் சாமி” என்கிறார். அவர் பேசுவதைக் கேட்டு என் பையன் பயப்படுகிறான். இஸ்ரேலில் ஹைஃபா பல்கலைக்கழகப் பேராசிரியை டாஃப்னா கனெட்டி, பயங்கரவாதம் உடல்நலத்தையும் அரசியல் மனநிலையையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்வதாகப் படித்தேன். பயங்கரவாதம் ரத்தம்வரை போய்ப் பாதிக்கும் என்பது உண்மையா டாக்டர்? அப்பாவின் கோபம் ஒரு நோயா? அதற்கு மருந்து இருக்கிறதா?
— கோவையிலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

ஆராய்ச்சி பற்றிப் பேசத்தான் போகிறேன். அதற்கு முன்னால் பிரஷர். 160/100 என்பது ஒரு தடவை பார்த்ததா, பல தடவையா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் மெஷின் இருந்தால் ஒரு வாரம் காலையும் மாலையும் பாருங்கள். அரை மணி நேரம் முன்னாலிருந்தே காபி வேண்டாம். முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை பார்த்து இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். டிவி அணைந்திருக்க வேண்டும். வீட்டில் பார்த்த சராசரி 135/85-க்கு மேலேயே நின்றால், காரணம் டிவியோ வேறு எதுவோ, மாத்திரையைச் சரிசெய்ய உங்கள் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது என்று ஏதாவது வந்தால் நோட்டை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, இனி ஹைஃபா.

இஸ்ரேலில் 2000 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாவது இன்டிஃபாடா (பாலஸ்தீனர்களின் எழுச்சி) காலத்தில், பேருந்திலும் காபிக் கடையிலும் குண்டு வெடிப்பது பல வருடம் நீடித்தது. மறுபக்கம் பாலஸ்தீனர்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இந்தச் சூழலில்தான் கனெட்டியும், அவரோடு சேர்ந்து வேலை செய்த ஸ்டீவன் ஹாப்ஃபால் என்ற உளவியலாளரும், வேறு சிலரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். குண்டு வெடித்தால் மக்கள் கடுமையான அரசியல் பக்கம் சாய்கிறார்கள் என்பது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் ஒரே தெருவில், ஒரே வெடிச்சத்தத்தைக் கேட்டவர்களில் சிலர் சாய்கிறார்கள், சிலர் சாய்வதில்லையே, அது ஏன்?

2009-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு ஒன்றில் 469 இஸ்ரேலிய யூதர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை பேட்டி எடுத்தார்கள். இந்த இடைவெளிதான் எனக்குப் பிடித்த விஷயம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டால் முட்டையா கோழியா என்று தெரியாது. முதல் பேட்டியில் பார்த்தது, தாக்குதலை எவ்வளவு நெருக்கத்தில் சந்தித்தார்கள், மனம் எவ்வளவு நொந்திருக்கிறது என்பதை. இரண்டாவதில், தங்களோடு வாழும் அரபுக் குடிமக்களை எவ்வளவு ஆபத்தாகப் பார்க்கிறார்கள் என்பதை. மூன்றாவதில், அந்தக் குடிமக்களின் உரிமைகளைப் பறிக்கலாம் என்று நினைக்கிறார்களா என்பதை. ஒன்று அடுத்ததற்கு இட்டுச்சென்றது தெரியவந்தது. தாக்குதலை நெருக்கத்தில் சந்தித்தவர்களுக்கு மன உளைச்சல் கூடியிருந்தது. உளைச்சல் கூடியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து ஆபத்து பெரிதாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தவர்கள் அதற்கும் ஆறு மாதம் கழித்து அந்த மக்களை ஒதுக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார்கள்.

அதாவது குண்டிலிருந்து வெறுப்புக்கு நேர்ச்சாலை கிடையாது. நடுவில் உளைச்சல் என்ற ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். தூக்கம் போவது, திடுக்கிடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது எல்லாம் அந்த ஊர்தான். 1998-இல் நடந்ததை என்னால் மாற்ற முடியாது. உங்கள் அப்பா யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது என் வேலை இல்லை. ஆனால் நடுவிலே இருக்கிற அந்த ஊர், மனநல மருத்துவனான என் பேட்டை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி குண்டுவெடிப்பைப் பற்றியது இல்லை. வாரா வாரம் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அப்போது கோவை எப்படி இருந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1997 நவம்பர் கடைசியில் உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். இரண்டரை மாதத்தில் தொடர் குண்டுவெடிப்பு, 58 உயிர். நான் அப்போது வேறு ஊரில் மருத்துவ மாணவன். விடுதியில் என்னோடு இருந்த கோவைப் பையன்கள் வீட்டுக்கு எஸ்.டி.டி. போட்டுப் போட்டு லைன் கிடைக்காமல் அழுதது இன்றும் நினைவிருக்கிறது. அந்த நாட்களில் கோட்டைமேட்டுக்குள் போய் ஒருவருடைய பங்கைக் கையில் கொடுத்துவிட்டு வந்தவர் உங்கள் அப்பா. குண்டு பக்கத்தில் வெடித்த வருடத்தில் உடையாத நட்பு, 27 வருடம் கழித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நடந்த ஒன்றை டிவியில் பார்த்து உடைகிறது என்றால், குண்டு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. நடுவில் என்ன மாறியது?

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போய்விட்டீர்கள்: பட்டறை மூடியது. ஹாப்ஃபால் 1989-லேயே ஒரு கோட்பாடு சொன்னார். மனிதர்கள் வாழ்நாள் முழுக்கச் சில இருப்புகளைச் சேர்க்கிறார்கள்: வேலை, வருமானம், மதிப்பு, நாலு பேர் பழக்கம், உடம்பில் தெம்பு. இவை பறிபோவதும், போய்விடுமோ என்ற பயமும்தான் உளைச்சலின் வேர் என்றார். கிடைத்ததன் சந்தோஷத்தைவிட இழந்ததன் வலி பெரிது என்பதும் அவர் சொன்னதுதான். 1998-இல் அப்பாவுக்கு 40 வயதுகூட ஆகவில்லை. விடிந்தால் பட்டறை. ஆர்டர், டெலிவரி, கரண்ட் போச்சு வந்துச்சு என்று நாள் ஓடியிருக்கும். டீ குடிக்கப் பக்கத்தில் மாமா. இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு சோபாவும் ரிமோட்டும் இருக்கின்றன. பழைய காயத்தைத் தாங்கிப் பிடித்த தூண்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டபின் பஹல்காம் வந்திருக்கிறது. இது என் ஊகம், அவரைப் பார்க்காமல் சொல்வது. ஆனால் என்னிடம் வந்தால் முதல் கேள்வியாகப் பட்டறையைப் பற்றித்தான் கேட்பேன்.

ரத்தம்வரை போகுமா என்று கேட்டிருந்தீர்கள். போகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது, ஆனால் அளவோடு சொல்ல வேண்டும். 2004-இல் இஸ்ரேலில் வேலைக்குப் போகும் ஆரோக்கியமான ஆட்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பயங்கரவாதம் பற்றிய பயம் அதிகமிருந்த பெண்களுக்கு ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதம் கூடியிருப்பதைப் பார்த்தார்கள். உடம்புக்குள் லேசான அழற்சி இருப்பதன் அடையாளம் அது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. 2015-இல் 17,380 பேரின் வருடாந்தரப் பரிசோதனைகளை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. வயது ஏற ஏற, ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நாடித் துடிப்பு மெல்லக் குறைவதுதான் வழக்கம். சுமார் 4.1 சதவீதம் பேருக்கு அது வருடா வருடம் கூடிக்கொண்டு போனது. அவர்களை முன்கூட்டிக் காட்டிக்கொடுத்த காரணிகளில் பயங்கரவாத பயமும் சி.ஆர்.பி.யும் முக்கியமானவை. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11-க்கு முன்பே உடல்நல விவரம் பதிவாகியிருந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களை மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். சம்பவத்தை ஒட்டிய நாட்களில் கடும் மன அழுத்தம் காட்டியவர்களிடம் இதய, ரத்தக்குழாய்க் கோளாறுகள் புதிதாக வருவது 53 சதவீதம் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் நியூயார்க் பக்கமே போகாதவர்கள், டிவியில் பார்த்தவர்கள்.

இதைப் படித்துவிட்டு சி.ஆர்.பி. டெஸ்டுக்கு லேபுக்கு ஓடாதீர்கள். சளி பிடித்தாலும் அது கூடும், அதை வைத்து அப்பாவின் மனசைப் படிக்க முடியாது. அவருக்குத் தேவை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, ஒரு ஈ.சி.ஜி. அவ்வளவுதான். இவை எல்லாம் கூட்டத்தைப் பற்றிய கணக்குகள், தனி ஆளின் ஜாதகம் இல்லை.

டிவியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறையவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அதன் பிறகு அமெரிக்காவில் 4,675 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். அந்த வாரத்தில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியைப் பார்த்தவர்களுக்கு, குண்டு வெடித்த இடத்திலேயே இருந்தவர்களைவிடக் கூடுதலான கடும் மன அழுத்தம் இருந்தது. இடத்தில் இருந்தவருக்குக் குண்டு ஒரு தடவைதான் வெடித்தது. டிவியில் மணிக்குப் பத்து தடவை வெடிக்கிறது. கனெட்டியும் சகாக்களும் ஆய்வுக்கூடத்தில் போலியான சைபர் தாக்குதலை நடத்திப் பார்த்தார்கள். ரத்தம் இல்லை, வெடிச்சத்தம் இல்லை, திரையில் வந்த மிரட்டல் மட்டும். எச்சிலில் கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் ஏறியிருந்தது. 2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்த நாட்களில் சில சேனல்கள் விமானத் தாக்குதல் அபாயச் சங்கைப் பின்னணி இசை மாதிரி போட்டுக்கொண்டே இருந்தன. அப்படிப் போட வேண்டாம் என்று அரசே அறிவுறுத்த வேண்டியதாயிற்று. 1998-இல் உண்மையான சத்தத்தைக் கேட்டவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? என் கிளினிக் காத்திருப்பு அறையில் இருந்த டிவியை நான் அந்த வாரம்தான் கழற்றினேன். திருப்பி மாட்டவில்லை.

ஆனால் கேபிளைப் பிடுங்காதீர்கள். பட்டறை முதலாளியாக இருந்தவரிடமிருந்து ரிமோட்டைப் பறிப்பது இன்னொரு இழப்பு. ஹாலில் இருக்கும் டிவியைப் பையனின் படிப்பைக் காரணம் காட்டிச் சாயங்காலம் 6 முதல் 8 வரை அணைக்கலாம். பேரன் பயப்படுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவரிடம் அப்படியே, குற்றம் சொல்லாமல் சொல்லுங்கள். பேரனுக்காக விடுவார்கள், நமக்காக விடமாட்டார்கள். செய்தியைக் காலையில் பேப்பரில் படிக்கட்டும், பேப்பரில் சங்கு ஊதாது. போன் இரவு படுக்கை அறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். முதல் வாரம் எரிச்சல் வரும், வரட்டும்.

இனி உங்கள் கடினமான கேள்வி. கோபம் நோயா? இல்லை. அப்பாவிகளைச் சுட்டுக் கொன்றதைப் பார்த்துக் கோபம் வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். செப்டம்பர் 11-க்குச் சில வாரங்கள் கழித்து 973 அமெரிக்கர்களிடம் நடத்திய சோதனையில், பயத்தைத் தூண்டியவர்களுக்கு ஆபத்து பெரிதாகத் தெரிந்தது, கோபத்தைத் தூண்டியவர்களுக்குச் சிறிதாகத் தெரிந்தது. கோபத்துக்கு ஒரு தெம்பு உண்டு. கையாலாகாமல் உட்கார்ந்திருக்கும் 64 வயதுக்காரருக்கு அந்தத் தெம்பு தேவையாகக்கூட இருக்கலாம். “போதுஞ் சாமி” என்ற பேச்சில் நான் கேட்பது கோபத்தைவிடக் களைப்பைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசியல் கருத்தை நோய் என்று எழுதிக் கொடுத்த கறை என் துறைக்கு உண்டு. சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்தவர்களுக்கு ‘மந்தமான ஸ்கிசோஃப்ரினியா’ என்று பெயர் வைத்து மருத்துவமனையில் அடைத்தார்கள், டாக்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதனால் “அப்பாவின் கருத்தை மாற்றிக் கொடுங்கள்” என்று யாராவது அழைத்து வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். “அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை” என்று வந்தால் உட்காரச் சொல்வேன். தூங்க ஆரம்பித்த பிறகும் அவர் இதே கருத்தில் இருக்கலாம், அது அவர் உரிமை. உரிமை இருப்பதால் அவர் சொல்வது சரியாகிவிடாது, அதை நீங்கள் மகளாக அவரிடம் வாதாடலாம். ஆனால் இரவு 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பவரிடம் அல்ல.

எதைப் பார்த்தால் என்னைப் போன்ற ஒருவரிடம் அழைத்துவர வேண்டும்? 1998-இல் பார்த்தது கனவில் வருகிறதா, பட்டாசுச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறதா, இத்தனை வருடமாக ஆர்.எஸ்.புரம் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறாரா, பிப்ரவரி வந்தால் ஆள் சுருங்கிப்போகிறாரா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அது பழைய பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் தங்கிவிடும் மன உளைச்சல் நோய்) மீண்டும் தலைதூக்குவதாக இருக்கலாம். இத்தனை வருடம் கழித்தா என்று கேட்காதீர்கள், வேலையை விட்டு ஓய்ந்த பிறகு வருவதை நாங்கள் பார்க்கிறோம். அதற்கென்றே பேச்சு சிகிச்சை முறைகள் இருக்கின்றன, தேவைப்பட்டால் மாத்திரைகளும் இருக்கின்றன. என்ன பார்த்தீர்கள் என்று வீட்டில் உட்காரவைத்துத் தோண்ட வேண்டாம், அதை நிதானமாகச் செய்யப் பயிற்சி வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுப்பது கூடவே கூடாது. “வாழ்ந்து என்ன பிரயோஜனம்” என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

உங்களைப் பயமுறுத்திவிட்டு நிறுத்தக் கூடாது. இன்டிஃபாடா உச்சத்தில் இருந்தபோது இஸ்ரேலில் 512 பேரிடம் எடுத்த ஓர் ஆய்வில் 9.4 சதவீதம் பேரிடம்தான் பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் முழுமையாக இருந்தன. 80 சதவீதத்துக்கு மேலானவர்கள் எதிர்காலம் நன்றாக இருக்கும் என்றே சொன்னார்கள். மனிதர்கள் நாம் நினைப்பதைவிடக் கெட்டி. ஹைஃபா கணக்கைக் கோவையில் அப்படியே போட்டுவிடவும் முடியாது. அங்கே வருடக்கணக்கில் ஓயாத தாக்குதல், இங்கே ஒரு நாள் மாலை.

மாமாவுக்கு வருவோம். 2004-இல் கனெட்டி, ஹாப்ஃபால் குழு 905 இஸ்ரேலியக் குடிமக்களை ஆராய்ந்தபோது, யூதர்களைவிடப் பாலஸ்தீனக் குடிமக்களிடம் பி.டி.எஸ்.டி. அறிகுறிகளும் மனச்சோர்வும் அதிகம் இருந்தன. குண்டு ஆள் பார்த்து வெடிப்பதில்லை. அதற்கப்புறம் வரும் சந்தேகப் பார்வை மட்டும் ஆள் பார்த்து வருகிறது. இரண்டு மாதம் பட்டறைக்கு வராமல் வீட்டுக்குள் இருந்த மாமா என்ன நினைத்திருப்பார் என்று யாராவது அவரைக் கேட்டிருக்கிறோமா? பஹல்காம் செய்தியை அவரும்தான் பார்த்திருப்பார். பிறகு நண்பருக்குப் போன் செய்திருக்கிறார், அது எடுக்கப்படவில்லை.

இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசாதீர்கள். அப்பா தவறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் வந்தால் இன்னும் இறுகிவிடுவார். நம் ஊரில் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. “அப்பாவுக்கு பிரஷர் ஏறிக்கிடக்கு, மாமா” என்று அவரிடம் நீங்களே போனில் சொல்லுங்கள். பொய் இல்லையே. அவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றால் வெளியே போ என்று சொல்கிறவர் வாரா வாரம் கோட்டைமேட்டுக்குப் போயிருக்க மாட்டார். ஒருவேளை நான் தப்பாகவும் இருக்கலாம், அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அப்போதும் மாமா உங்களோடு ஒரு காபி குடித்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், கை சும்மா இருக்கக் கூடாது. கனெட்டி, ஹாப்ஃபால் குழு 2007-இல் எழுதிய ஒரு கட்டுரை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். “இந்தத் துன்பம் என்னைப் பக்குவப்படுத்திவிட்டது” என்று சொன்னவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பார்த்தால், அப்படிச் சொன்னவர்களிடம் உளைச்சலும் கூட, பழிவாங்கும் வன்முறைக்கு ஆதரவும் கூட. விதிவிலக்காகத் தெரிந்தவர்கள் 2005-இல் காஸாவிலிருந்து வெளியேற்றப்படவிருந்த யூதக் குடியேறிகள். அவர்கள் அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை, அது வேறு. வாயால் சொல்வதோடு நிற்காமல் தங்களுக்கு முக்கியமென்று பட்டதற்காக இறங்கி வேலை செய்தார்கள், அந்தப் பக்குவம் அவர்களைக் காப்பாற்றியது. உங்கள் அப்பாவுக்கு லேத் தெரியும். கோவையில் லேத் தெரிந்தவருக்குப் போக இடமா இல்லை? பழைய சகா ஒருவரின் பட்டறையில் வாரம் இரண்டு நாள் பையன்களுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். சம்பளம் பேச வேண்டாம், டீ போதும். டிவியைக் குறைப்பதைவிட இது சீக்கிரம் வேலை செய்தால் எனக்கு ஆச்சரியமிருக்காது.

மூன்று, நான்கு வாரம் இப்படி ஓட்டிப் பார்த்தும் தூக்கம் திரும்பவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ, அருகில் இருக்கும் மனநல மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். மனநல டாக்டர் என்றால் வரமாட்டார், பிரஷருக்கும் தூக்கத்துக்கும் பார்க்கிற டாக்டர் என்றே சொல்லுங்கள். அதுவும் பொய் இல்லை. போகும்போது அந்த பிரஷர் நோட்டையும், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.